பச்சைக்கல் பைத்தியம்

வாஷிங்டனில் ஹோப் வைரத்தைப் பார்த்தேன். 45.52 கேரட், நீல நிறம், கண்ணாடிப் பெட்டிக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் தேர் பார்க்க வந்த மாதிரிக் கூட்டம். நல்ல வைரம்தான். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தவள் ஒரு பச்சைக்கல்லின் முன்னால் போய் நின்றேன். அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க 2025 மே மாதம் போயிருந்தேன். வாரக்கடைசியில் ஊர் சுற்றிக் காட்டும் கடமையில் என்னை ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே போக ஒரு காசு வாங்குவதில்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கைப்பையை மட்டும் சோதித்து அனுப்புகிறார்கள். கீழே பெரிய ஆப்பிரிக்க யானை ஒன்று தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பேத்தி அதைவிட்டு வரமாட்டேன் என்றாள். அவளை இழுத்துக்கொண்டு மாடியேறினால் இரண்டாம் தளத்தில் கற்கள்.

நான் பார்த்த முதல் பச்சைக்கல்லுக்கு ஹூக்கர் மரகதம் என்று பெயர். 75.47 கேரட். கேரட் என்றால் நம்மில் பலருக்கு உடனே மனசில் படாது. ஒரு கேரட் 0.2 கிராம். அப்படியென்றால் இது 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பவுன் எடையில் ஒரே கல்! சதுரமாக, மூலைகள் மழுக்கப்பட்டு, சுற்றி வைரம் பதித்த புரோச்சில் உட்கார்ந்திருக்கிறது. 109 வட்ட வைரம், 20 பட்டை வைரம். அந்த வைரங்களை எல்லாம் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிக்கொண்டு போனாலும் எனக்குக் கவலை இல்லை. கல்லைத் தொடாமல் இருந்தால் சரி.

அந்தப் பச்சையை எப்படிச் சொல்வது? கிளிப்பச்சை இல்லை, பாட்டில் பச்சை இல்லை. நான் காங்கயத்துக்காரி. எங்களுக்குப் பச்சை என்றால் மழை பெய்த பிறகு கொறங்காட்டில் தலைதூக்கும் கொழுக்கட்டைப் புல். அதுவும் இல்லை. தாராபுரம் பக்கம் அமராவதித் தண்ணீர் பாய்கிற வயலில், சாயங்கால வெயில் பயிருக்குப் பின்னாலிருந்து விழும்போது, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், தாளெல்லாம் உள்ளேயிருந்து விளக்கேற்றின மாதிரி ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்து உறையவைத்தால் இந்தக் கல். போனில் எடுத்த படம் வெறும் பச்சைக் கண்ணாடித் துண்டாகத்தான் விழுந்தது. பத்துப் படம் எடுத்துப் பத்தையும் அழித்தேன்.

கல்லின் கதை அதன் நிறத்தைவிடச் சுவையானது. கொலம்பியாவில் வெட்டியெடுத்தது. எப்படியோ ஐரோப்பா வழியாகத் துருக்கி சுல்தான்களிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தானின் இடுப்புப் பட்டைக் கொக்கியில் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1909இல் அவர் அரியணை போனது. 1911இல் ஏலத்தில் டிஃபனி கம்பெனி இதை வாங்கி ஒரு தலைக் கிரீடத்தில் வைத்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏறக்குறைய நாற்பது வருடம் அந்தக் கிரீடம் விலை போகவில்லை! கடைக்காரர் நாற்பது ஆடித் தள்ளுபடி பார்த்திருப்பார். கடைசியில் 1950இல் கிரீடத்தைக் கலைத்துக் கல்லை எடுத்து இந்தப் புரோச்சைச் செய்தார்கள். அதை வாங்கி அணிந்த ஜேனட் ஆனன்பர்க் ஹூக்கர் அம்மாள் 1977இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கற்கூடத்துக்கே இன்று அவர் பெயர்தான். இடுப்பில் இருந்தது தலைக்கு ஏறி, தலையிலிருந்து தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. கல் ஒன்றுதான். உடம்புகள் மாறிக்கொண்டே இருந்தன.

இந்த இடத்தில் எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. அம்மாயியிடம் பச்சையும் கெம்பும் வைத்த அட்டிகை ஒன்று இருந்தது. கல்லுக்கு அடியில் மினுக்குத் தகடு வைத்து, பின்புறத்தை மூடிய பழைய வேலை. கல்யாணம், காதுகுத்து, தேர் என்று வருஷத்துக்கு மூன்று தடவைதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மற்ற நகையெல்லாம் ஊறும், அட்டிகையை மட்டும் ஈரத்துணியால் துடைத்து வைத்துவிடுவார். "பச்சைக்குச் சூடு ஆகாது கண்ணு" என்பார். எங்கே படித்தார்? எங்கேயும் இல்லை. ஆசாரி சொன்னது. அம்மாயிக்கு மூன்று பெண்கள். கடைசிக் காலத்தில் அவரே ஆசாரியை வீட்டுத் திண்ணைக்கு வரவழைத்து, கண்ணெதிரே அட்டிகையைக் கலைத்து, கற்களை மூன்று குமியாகப் பிரித்து, தங்கத்தைத் தனியாக நிறுத்துப் பங்கு போட்டார். அம்மா தன் பங்குக் கல்லில் தோடும் எனக்கொரு மோதிரமும் செய்தார். ஒற்றைப் பச்சை வைத்த அந்த மோதிரம் நாற்பது வருடமாக என் விரலில் இருக்கிறது. வாஷிங்டனுக்கும் கூடவே வந்தது.

சின்ன வயதில், அந்த அட்டிகையை உடைத்த நாளில், நான் அழுதேனாம். ஹூக்கர் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, உலகத்துப் பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதேதான் நடக்கிறது, என்ன, திண்ணை மட்டும் இல்லை.

அடுத்தது சாக் மரகதம். 37.82 கேரட், மோதிரம். ஒரு பவுனுக்கு அரைக் கிராம் குறைவான கல்லை ஒரு விரல் எப்படித் தாங்கும் என்று நான் கேட்கமாட்டேன், என் விரலைக் கேட்டால் தயார் என்று சொல்லும். இது ஒருகாலத்தில் பரோடா மகாராணி ஒருவரின் மரகத மாலையில் நடுக்கல்லாக இருந்தது. அப்போது எடை 38.40 கேரட். நியூயார்க் வைர வியாபாரி ஹாரி வின்ஸ்டன் இதை வாங்கி, திரும்பப் பட்டை தீட்டி, சுற்றிலும் துளி வடிவத்தில் 60 வைரங்களை நிறுத்தி மோதிரமாக்கினார். அரைக் கேரட்டுக்கு மேல் தூளாகப் போனது. அந்தத் தூளை என்ன செய்தார்களோ! 1972இல் சாக் தம்பதி இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

பரோடா என்றதும் இன்னொரு கதை சொல்லியே ஆகவேண்டும். பரோடாவின் சீதாதேவி மகாராணி நம் மதராஸில் பிறந்தவர், பித்தாபுரம் ராஜா வீட்டுப் பெண். அவரிடம் மரகதமும் வைரமும் வைத்த கொலுசு ஜோடி இருந்தது. கொலுசில் மரகதம்! நாம் தங்கத்தையே காலில் போடமாட்டோம், லட்சுமி என்போம். 1950களில் அதை ஹாரி வின்ஸ்டன் வாங்கிப் பிரித்துக் கழுத்து மாலையாக்கி, வின்ட்சர் சீமாட்டிக்கு விற்றார். அரியணையையே விட்டுக்கொடுத்து இங்கிலாந்து ராஜா கட்டிக்கொண்டாரே, அந்தச் சீமாட்டிதான். ஒரு விருந்தில் அந்த மாலையை எல்லாரும் புகழ, பக்கத்தில் இருந்த சீதாதேவி, ஆமாம், என் காலில் கிடந்தபோதும் அழகாகத்தான் இருந்தது என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டாராம். மறுநாளே மாலை கடைக்குத் திரும்பிவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். ராஜ்ஜியம் போனாலும் வாய் போகவில்லை.

சரி, இப்போது பெரிய மாலை. மக்கே மாலை. இதைப் பார்த்ததும் நான் "அடியாத்தி!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும்.

நடுவில் தொங்குகிற பதக்கக்கல் 167.97 கேரட். 33 கிராமுக்கு மேல். நான்கு பவுனைத் தாண்டுகிறது! ஆர்ட் டெகோ பாணியில் கார்ட்டியே கம்பெனி செய்தது. பிளாட்டினத்தில் மொத்தம் 35 மரகதம், 2,191 வைரம். கல் முசோ சுரங்கத்துக் கல், கொலம்பியா. 1931இல் கிளாரன்ஸ் மக்கே என்கிற செல்வந்தர், ஒருகாலத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்ராவில் பாடிய அன்னா கேஸ் அம்மாளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது. 1931 அமெரிக்காவில் என்ன வருஷம் என்று பாருங்கள், பங்குச்சந்தை சரிந்து ஊரே கஞ்சிக்கு வரிசையில் நின்ற சமயம். அது அவர் பாடு. அன்னா கேஸ் 1984இல் இறந்தபோது மாலை இங்கே வந்துவிட்டது. பாடகிக் கழுத்து அல்லவா, அந்தக் கல் அவர் தொண்டைக்குக் கீழே நெஞ்சுக்குழியில் படும்படித்தான் அளந்து செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மூச்சு இழுத்து ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும்போது அது ஏறி இறங்கியிருக்குமே! அதை நினைத்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றேன்.

அதன் நிறம் ஹூக்கரைவிட ஆழம். ஹூக்கரில் உள்ளே வெறும் வெளிச்சம். அவ்வளவு சுத்தம், அந்த அளவு பெரிய மரகதத்துக்கு அது அபூர்வம். மக்கே கல்லில் கிணறு மாதிரி ஒரு ஆழம். எட்டிப் பார்த்தால் கீழே என்னவோ அசைகிறது. மரகதத்துக்கு உள்ளே இருக்கிற இந்தக் கீற்றுகளையும் படலங்களையும் பிரெஞ்சுக்காரர்கள் தோட்டம் என்று செல்லமாகச் சொல்வார்களாம். விற்கத் தெரிந்தவர்கள்! நம் ஆட்கள் நேர்மையாகக் குற்றம் என்றே சொன்னார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைவீதியைச் சொல்லும் இடத்தில் இளங்கோ மரகதத்துக்கு ஏகை, மாலை, இருள் என்று மூன்று குறைகளைக் கணக்கெடுத்து, அவை இல்லாத கல் அங்கே விற்றதாகச் சொல்கிறார். ஏகை என்றால் கீற்று. இருளுக்கு விளக்கம் வேண்டாம். அந்தக் காலத்தில் கொலம்பியா ஏது? மரகதம் எகிப்துப் பாலைவனத்துச் சுரங்கங்களில் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தாலும் பார்த்தவுடன் தட்டிக்கழிக்க மதுரைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

கொலம்பியக் கல்லின் குறைகளைப் பூதக்கண்ணாடியில் பெரிதாக்கிய படம் ஒன்றை நான் முன்பே புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு துளி உப்புத்தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் சதுரமாக ஒரு உப்புப் படிகம், பக்கத்தில் ஒரு காற்றுக்குமிழி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பூமிக்குள் கொதிக்கிற உப்புநீர் கரும்பாறை அடுக்குகளைக் கரைத்துக்கொண்டு ஓடியபோது, கல் வளர வளர மாட்டிக்கொண்ட தண்ணீர். இன்னும் வற்றவில்லை. எங்கள் ஊரில் சித்திரை பிறந்தால் கிணறு வற்றிவிடும்.

மரகதம் ஏன் இவ்வளவு அபூர்வம் என்றால், சேராத இரண்டு சேர வேண்டும். பெரிலியம் ஒருவகைப் பாறையில் இருக்கும். பச்சை நிறம் தருகிற குரோமியமும் வனேடியமும் வேறு வகைப் பாறையில் இருக்கும். இரண்டும் சாதாரணமாக ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அபூர்வமாகச் சந்தித்த இடங்களில்தான் மரகதம். குரோமியத்துக்குப் பதில் இரும்பு வந்து சேர்ந்தால் அதே பெரில் கல் கடல்நீலமாகிவிடும், அக்வாமரீன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மார்பு விரியும். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில் இருக்கிற எங்கள் படியூர் இந்த அக்வாமரீனுக்குப் பேர்போன இடம். ரோமாபுரிக்காரர்கள் ஆசைப்பட்ட பெரில் கல் நம் கொங்குப் பகுதியிலிருந்து போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளே கிடைத்தன. மழை ஓய்ந்ததும் செம்மண் காட்டில் கல் பொறுக்கப் போனவள் நான். பொறுக்கியதில் முக்கால்வாசி வெறும் வெங்கச்சங்கல் என்பது வேறு விஷயம். ஆக, அந்தக் கண்ணாடிக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிற மரகதம் எங்கள் ஊர்க் கல்லின் பெரியம்மா பிள்ளை. எங்கள் மண்ணில் குரோமியம் மட்டும் எட்டிப் பார்த்திருந்தால் மக்கே மாலை படியூர் மாலையாக இருந்திருக்கும். மகளிடம் இதைச் சொன்னேன். "சரிம்மா, மெதுவாப் பேசுங்க" என்றாள்.

பட்டை தீட்டாத கல் ஒன்றும் அங்கே இருக்கிறது. கச்சலா மரகதம். 1967இல் கொலம்பியாவின் கச்சலா பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த அறுகோணப் படிகம், 858 கேரட், இருபத்தொரு பவுனுக்கு மேல். அதே ஹாரி வின்ஸ்டன் 1969இல் இதை அறுக்காமல் முழுசாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கண்ணில் பட்ட மகாராணி நகையையெல்லாம் பிரித்துப் போட்ட மனுஷர் இந்த ஒன்றின் முன்னால் கையை மடக்கிக்கொண்டார். அவரிடம் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

பாதிதான். மீதிக் கோபத்துக்கும் அடுத்த பெட்டியில் பதில் இருந்தது. ஸ்பானிய விசாரணை மாலை என்று பயங்கரமான பெயர். மதத்தின் பெயரால் ஆட்களைச் சித்திரவதை செய்தார்களே, அந்த விசாரணை. அந்தப் பெயருக்கு ஆவணம் ஒன்றும் காட்டக் காணோம். பெயர் வைத்தால் விலை ஏறும் என்று யாரோ வைத்திருப்பார்கள் என்பது என் கட்சி. பெயரை விட்டுவிடுங்கள், கல்லைப் பாருங்கள். 15 மரகதம், 374 வைரம். நடுவில் பீப்பாய் வடிவத்தில் சுமார் 45 கேரட் மரகதம், இரண்டரை சென்டிமீட்டர் நீளம். மரகதம் கொலம்பியாவுடையது, வைரம் இந்தியாவுடையது. பெரிய கற்களை அறுத்தது 17ஆம் நூற்றாண்டு இந்தியக் கைகள். இன்றைய மாதிரி கணக்குப் போட்டு வெட்டின பட்டை இல்லை. கல் எப்படிப் பிறந்ததோ அதன் போக்கிலேயே போய்த் தடவித் தடவி வழவழப்பாக்கி இருக்கிறார்கள். மற்றக் கற்கள் பளிச்சென்று பேசும், இது முணுமுணுக்கிறது. இந்தூர் ஹோல்கர் மகாராஜாக்களிடம் இருந்தது, 1940களின் கடைசியில் ஹாரி வின்ஸ்டன் கைக்கு வந்தது. நான் பயந்தபடி அவர் இதைப் பிரிக்கவில்லை! அப்படியே விற்றார். வாங்கிய பிட்ஸ்பர்க் அம்மாள் தன் உயிலில் அப்படியே ஸ்மித்சோனியனுக்கு எழுதிவைத்தார். கொலம்பியாவிலிருந்து கடல் தாண்டி மொகலாய இந்தியாவுக்கு வந்த கல், நம் நாட்டுக் கைவேலையோடு மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டி, பிறந்த கண்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பொட்டிக்கடை வைக்கப் போன பிள்ளை ஊர் சுற்றிவிட்டு அடுத்த தெருவில் கடை போட்ட மாதிரி.

இந்தப் பெட்டி முன்னால்தான் நான் அசடு வழிந்தேன். இன்னும் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றிருக்கிறேன். காவலர் வந்து, அம்மா, சாய வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். கண்ணாடியில் என் நெற்றி விபூதி அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

காசு விஷயம் கேட்பீர்கள். அருங்காட்சியகத்துக் கல்லுக்கு விலைச்சீட்டு கிடையாது. ஆனால் ஏலத்தில் போன ஒரு கல்லைச் சொல்கிறேன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராக்பெல்லர் மரகதம். 18.04 கேரட். மூன்றரை கிராம்தான், அரைப் பவுன்கூட இல்லை. 2017இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 55 லட்சம் டாலரைத் தாண்டியது. கேரட்டுக்கு 3,05,000 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு கேரட் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். நடிகை எலிசபெத் டெய்லரின் புல்காரி மரகதப் பதக்கம் 2011இல் 65 லட்சம் டாலருக்கு மேல் போனது, ஆனால் அதில் பாதிக் காசு டெய்லர் அம்மாளின் கண்ணுக்குக் கொடுத்தது என்பேன். ராக்பெல்லர் கல்லின் விலையைவிட அதன் கதைதான் எனக்கு முக்கியம். 1930இல் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் தன் மனைவி ஆபிக்கு வாங்கிய புரோச்சின் நடுக்கல் அது. 1948இல் ஆபி இறந்தார். கணவர் என்ன செய்தார் தெரியுமா? புரோச்சைக் கலைத்து, கற்களைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார். கடைக்குட்டி டேவிட்டுக்கு இந்தக் கல். அம்மாயி படித்ததில்லை, ராக்பெல்லர் என்கிற பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அந்த வீட்டுக் கணக்கை அம்மாயி கையில் கொடுத்திருந்தால் இதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார்.

இப்படியெல்லாம் உடைவதையும் சேர்வதையும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேனே, ஒரு நகை மட்டும் என்னைக் குத்திவிட்டது. மரீ லூயிஸ் கிரீடம். 1810இல் நெப்போலியன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது ஆஸ்திரிய இளவரசி மரீ லூயிஸுக்குக் கொடுத்த நகைத்தொகுதியில் ஒன்று. பாரிஸ் நித்தோ கம்பெனி வேலை. வெள்ளியிலும் தங்கத்திலும் ஆயிரத்துக்கு மேல் வைரம், அவற்றுக்கு நடுநடுவே வான்நீல டர்க்காய்ஸ் கற்கள் 79. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிட்டப்போய் விளக்கப் பலகையைப் படித்தால் வயிறு பிசையும். அந்த 79 இடங்களிலும் முதலில் இருந்தது மரகதம்! வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் கம்பெனி 1953இல் கிரீடத்தை வாங்கி, மரகதங்களைப் பிடுங்கித் தனித்தனி நகையாக விற்றது. நெப்போலியன் கிரீடத்துக் கல் உங்களுக்கு ஒன்று என்று விளம்பரம் வேறு. காலியான குழிகளில் பிற்பாடு டர்க்காய்ஸ் வைத்தார்கள். மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் அம்மாள் 1971இல் இங்கே கொடுத்தார்.

அம்மாயி உடைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேயே நின்று எனக்குள் வாதாடினேன். அங்கே கல் பிள்ளைகளிடம் போனது, இங்கே கல்லாப்பெட்டிக்குப் போனது என்றேன். பரோடா மாலையும் கல்லாப்பெட்டிக்காகத்தானே உடைந்தது, அதை ரசித்தாயே என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கலைத்த நகையின் கூடு எங்கேயும் மிஞ்சுவதில்லை, அதனால் வலிப்பதில்லை. இங்கே கூடு மிஞ்சிவிட்டது. வேறு கல்லை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறது.

அதே தொகுதியின் மாலையும் தோடும் மரகதம் கலையாமல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 32 மரகதம் வைத்த மாலை. அடுத்த வருஷம் அதைப் பார்க்கவாவது பாரிஸ் போகவேண்டும் என்று மகளிடம் அன்றைக்கே சொல்லிவைத்தேன். கிரீடத்தையும் பார்த்து மாலையையும் பார்த்துவிட்டால், மனசுக்குள் நானே மரகதங்களைத் திரும்பப் பதித்துக்கொள்வேன் என்று ஒரு கணக்கு. நான் ஊர் திரும்பி நாலைந்து மாதம் இருக்கும். 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் லாரியில் ஏணி வைத்து ஏறி, ஜன்னலை அறுத்து, சில நிமிஷத்தில் திருடர்கள் அள்ளிக்கொண்டு போன நகைகளில் அந்த மாலையும் அந்தத் தோடும் இருந்தன. டிவியில் செய்தி ஓடுகிறது. நான் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் களவு போன மாதிரி சாப்பாடு இறங்கவில்லை. மகள் போன் செய்து, "அம்மா, கேள்விப்பட்டீங்களா?" என்றாள். துக்கம் விசாரிக்கிற குரல்.

அந்த மே மாதத்துச் சாயங்காலத்துக்கே திரும்பிவிடுகிறேன், அதுதான் சந்தோஷமான இடம். ஐந்தரைக்கு மூடுகிறார்கள். மூடுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை ஹூக்கர் முன்னால் போய், யாரும் பார்க்காதபோது என் மோதிரக் கையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சாயவில்லை, தொடவில்லை, காவலர் கவலைப்படத் தேவையில்லை. ஒரே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பச்சை. ஒரு தடவை கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர் என் கல்லை விளக்கடியில் பார்த்துவிட்டு, "கல்லு அசல்தானுங்க, ஆனா தரம் சுமாருங்க" என்று சொல்லியிருக்கிறார். கீற்று உண்டு, படலம் உண்டு, ஒரு மூலையில் கறுப்பும் உண்டு. இளங்கோ சொன்ன மூன்று குறையையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிற ஒரே கல் என்னுடையதாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஹூக்கருக்குப் பக்கத்தில் அது கூச்சப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ரயிலில் திரும்பும்போது பேத்தி என் விரலைப் பிடித்து மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"இது அப்புறம் யாருக்குப் பாட்டி?"

"உங்கம்மாவுக்கு, அதுக்கப்புறம் உனக்கு."

மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "எனக்கு மோதிரமெல்லாம் வேண்டாம்மா. தோடாக் கலைச்சுக் குடுத்துருங்க."

"ஒத்தைக் கல்லுல தோடு எப்படிடி பண்ணுவே?"

"பாதியா அறுத்துக்கலாமில்ல?"

விரலைப் பேத்தி கையிலிருந்து உருவி முந்தானைக்குள் மூடிக்கொண்டேன். இறங்குகிறவரைக்கும் வெளியே எடுக்கவில்லை.